அப்பாவை முந்திய குரல்

பிப்ரவரி 2

தம்பிக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் மட்டும் எழுதிவிடப் போகிறாயா? அதனால் மானத்தை விட்டு நானே முதலில் எழுதுகிறேன்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்காதே. போன் அப்பாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருக்கிறது. தொண்டை ஆபரேஷனில் அவருக்குப் பேச்சுதான் போனது, காது போகவில்லை. சமையலறையில் நான் முணுமுணுப்பதற்கும் அங்கிருந்து கணினிக் குரலில் பதில் வரும். இப்போது அதுவும் வருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் கணினி செத்துவிட்டது. போன வாரம் லேசாகப் புகைந்தது, அப்புறம் கண்ணைத் திறக்கவே இல்லை. கடைக்காரர் வந்து பார்த்து, இந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். சரி என்று புதுக் கணினி வாங்கினோம். அதில், அவர் தட்டுவதைக் குரலாக்கும் அந்தப் பேசும் புரோகிராம் ஏறமாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் அதை எழுதிக் கொடுத்த இன்ஜினியர் வேலையை விட்டு எங்கோ போய்விட்டாராம்.

டிப்போவில் நின்று ஒரு சத்தம் போட்டால் வெளியே போன பஸ் திரும்பி வரும், அப்படிப்பட்ட மனிதர். இப்போது தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைக் கட்டிலில் தட்டுகிறார். எழுதிக் காட்டலாம் என்றால் கை நடுங்குகிறது, ஒரு வரிக்கு மேல் முடியவில்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

உன் கோபம் எனக்குத் தெரியும். "நீ போனாத்தான் வீடு நிம்மதியா இருக்கும்" என்று அவர் சொன்னார், நீ போய்விட்டாய், மூன்று வருஷமாக வரவில்லை. அந்தக் கணினிக் குரலில் கோபமும் கிண்டலும் ஒரே மாதிரிதான் வரும், முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீ பெட்டி கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாய். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல யாருமே இல்லை.

பழைய கணினியின் டிஸ்க்கைக் கழற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் பிழைப்பே இதுதானே. அவருக்காக வேண்டாம், எனக்காகச் செய்.

அக்கா

*

பிப்ரவரி 13

அக்காவுக்கு,

டிஸ்க் பத்திரமாக வந்தது. உனக்காகத்தான் செய்கிறேன், அதை நீயே சொல்லிவிட்டாய்.

இத்துடன் ஒரு சிடி வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர் கைக்குப் போகாமல் நீயே போடு. மாமா எதையாவது அழுத்திவிட்டுப் பிறகு கணினியைக் குறை சொல்வார்.

என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்துகொள். பழைய கணினியின் இயங்குதளம் வேறு, புதியதன் இயங்குதளம் வேறு. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. அதனால் புதுக் கணினிக்குள்ளே பழைய கணினியைப் போல ஒரு பொய்க் கணினியை உட்கார வைக்கிறோம். எமுலேட்டர் என்பார்கள். புரோகிராம் "விசைப்பலகை எங்கே?" என்று கேட்கும், "இதோ" என்று சொல்லும். "ஸ்பீக்கர்?" "இதோ." அது கேட்கிற எதுவுமே அங்கே இருக்காது. ஆனாலும் புரோகிராம் கடைசிவரை தன் பழைய வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

அப்பா இத்தனை வருஷம் அடித்த வார்த்தைகள் எல்லாம் டிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன. நடுவில் கை ஓய்ந்தால், வழக்கமாக அந்த நேரத்தில் அவர் என்ன சொல்வார் என்று பார்த்து மிச்சத்தை அதுவே சொல்லிவிடும். அவருக்குக் கை வலிக்காமல் இருக்க அந்த இன்ஜினியர் செய்து வைத்த ஏற்பாடு. அதுவும் வேலை செய்யும்.

முகத்தைப் பார்க்கவில்லை என்கிறாய். சொன்னது சொன்னதுதான் அக்கா.

தம்பி

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். குரல் வந்துவிட்டது!

அதே குரல், அதே கரகரப்பு. முதல் வார்த்தையே "மருமகன எழுப்பு, மணி எட்டாச்சு" என்றுதான் வந்தது. நானும் அப்பாவும் சிரித்தோம். அவர் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், நினைவிருக்கிறதா? நீ செய்தாய் என்று சொன்னேன். கணினியின் தலையைத் துணியால் துடைத்தார்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பழையதைவிட இது அவசரக்குடுக்கையாக இருக்கிறது. அவர் ஓர் எழுத்துதான் தட்டுவார், உடனே முழு வாக்கியமும் வந்துவிடும். "ஜ" என்றால் "ஜன்னலைச் சாத்து, வெயில் கண்ணுல அடிக்குது." பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. அவரும் முதலில் ரசித்தார், வேலை மிச்சம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நேற்று அவரைக் குளிக்க அழைத்துப் போயிருந்தோம். மாமா அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அறையில் யாருமில்லை. வாசல் மணி அடித்தது, தபால்காரர். நான் கதவைத் திறக்கும்போது அறைக்குள்ளிருந்து "யாரும்மா வந்தது?" என்று குரல் கேட்டது. "போஸ்ட்மேன்ப்பா" என்று நானும் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் காதில் விழுந்தது.

அதற்குக் காது உண்டா?

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

அதற்குக் காது கிடையாது. கண்ணும் கிடையாது. பயப்படாதே.

தப்பு என்னுடையது. எந்த வேளைக்கு எந்த வாக்கியம் என்பதற்குத்தான் அந்தப் புரோகிராம் கடிகாரம் பார்க்கும், கை ஓய்ந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிடாது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கும், ஒரு பெரிய எண் வந்ததும் "இவர் கை ஓய்ந்துவிட்டது, நாம் சொல்லலாம்" என்று தொடங்கும். பழைய கணினி அந்த எண்ணை எண்ணி முடிக்க அரை நிமிஷம் ஆகும். புதுக் கணினியோ கண்ணிமைப்பதற்குள் எண்ணிவிடும். யாரும் தட்டாமலே பேசத் தொடங்க இன்னும் பெரிய எண் வேண்டும், பழைய கணினியில் அது ஒரு நாளும் வந்ததில்லை, புதியதில் வந்துவிடுகிறது. குரல் கீச்சென்று ஆகக் கூடாதே என்று குரலை மட்டும் மெதுவாக்கினேன், எண்ணுவதை விட்டுவிட்டேன். நான் சோதித்தபோது நிறுத்தாமல் தட்டினேன், அதனால் தெரியவில்லை. அப்பா யோசித்து யோசித்துத் தட்டுகிறவர். அவருடைய ஒரு மூச்சு அதற்கு ஒரு மணி நேரம் போல.

தபால்காரர் தினமும் அதே நேரத்துக்குத்தான் வருகிறார், அப்பாவும் தினமும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அது தன் பாட்டுக்குச் சொன்னது, நீ போய்ப் பதில் சொன்னாய். நம் வீட்டில் பேசுவதே மொத்தம் ஐம்பது வாக்கியம்தான் அக்கா. காது இல்லாமலே சமாளித்துவிடலாம்.

சரிசெய்து அனுப்புகிறேன், கொஞ்சம் வேலை இருக்கிறது. சோதனைக்காக ஒரு பிரதியை என் அறையிலும் ஓடவிட்டிருக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 17

தம்பிக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக என்னோடு நானே மல்லுக்கட்டினேன்.

முந்தாநாள் சாயங்காலம் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குரல் சொன்னது: "சின்னவன் வந்துட்டானா?"

உன்னை அப்படிக் கூப்பிட்டு அவர் விரலிலிருந்து இந்த மூன்று வருஷத்தில் நான் கேட்டதில்லை. அவர் தாளை இறக்கிவிட்டுக் கணினியைப் பார்த்தார். வேறொருவர் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்ததுபோல் பார்த்தார். பிறகு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் கஷ்டப்பட்டு எழுதிக் காட்டினார். "நான் கேக்கல."

நேற்று அதே நேரத்துக்கு மறுபடியும் கேட்டது. அவர் போர்வையை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார். போர்வைக்குள்ளிருந்தும் கேட்டது. திட்டமாகத்தான் கேட்டது.

அணைத்துவிடலாம் என்றால், அணைத்தால் அவர் ஊமை. எதைச் செய்வது சொல். சீக்கிரம் சரிசெய்து அனுப்பு.

அக்கா

*

மார்ச் 27

அக்காவுக்கு,

இங்கேயும் கேட்டது. உன் கடிதம் வருவதற்கு முன்பே.

ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேஜையிலிருந்து "சின்னவன் வந்துட்டானா?" என்றது. எப்படி இயங்குகிறது என்று வரி வரியாகத் தெரிந்தவன் நான். அப்படியிருந்தும் "வந்துட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றை யோசித்துப் பார். அது சொந்தமாக எதையும் உருவாக்காது. அவர் பலமுறை அடித்த வாக்கியத்தைத்தான் சொல்லும். அப்படியானால் மூன்று வருஷமாகச் சாயங்கால நேரத்தில் யார் அதை அடித்தது? சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தனக்குத்தானே கேட்டிருக்கிறார். உனக்கும் தெரியாமல். இப்போது பிடிபட்டுவிட்டோம் என்று "நான் கேக்கல" என்கிறார்.

அவர் சொல்லமாட்டேன் என்பதை அந்தக் குரலாவது சொல்கிறது. சரிசெய்தால் அதுவும் நின்றுவிடும். கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டுமே.

இங்கே சாயங்காலம் இப்போது நன்றாக இருக்கிறது. "சாப்பிட்டியா?" என்கிறது. "விளக்கைப் போடு" என்கிறது. நான் போடுகிறேன். நேரே அறைக்கு வந்துவிடுகிறேன், வேறெங்கும் போவதில்லை.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பி,

உனக்கு என்ன பைத்தியமா?

நீ சொன்னது சரியாகவே இருக்கலாம். மத்தியானங்களில், சாயங்காலங்களில், சத்தமில்லாமல் விசை தட்டுகிற ஓசை கேட்டிருக்கிறேன். ஏதோ விளையாடுகிறார் என்று விட்டுவிட்டேன். அதற்காக?

சனிக்கிழமை காலை வழக்கம்போல வாசலில் நின்று "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாருக்கேன், நீ போய் வேலையப் பாரு" என்று பதில் வந்தது. நானும் போய் வேலையைப் பார்த்தேன். மாமா எதற்கோ உள்ளே போனவர் அலறினார். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்து கிடந்தார். ஒரு கை விசைப்பலகையில். "வலி" என்று அடிக்க "வ" தட்டியிருக்கிறார், அது "வண்டி நேரத்துக்கு வந்துச்சா?" என்று தொடங்கிவிட்டது. மறுபடி தட்டியிருக்கிறார், மறுபடி வண்டி. நான் வந்து கேட்டபோது அவரை முந்திக்கொண்டு நல்லாருக்கேன் என்று சொல்லிவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பழகிவிட்டது, குரலையே கேட்டுவிட்டுப் போகிறேன்.

டாக்டர் வந்து ஊசி போட்டார். இந்த முறை தப்பித்துவிட்டார், இதயம் பலவீனமாக இருக்கிறது, ஜாக்கிரதை என்றார். அவர் கேள்வி கேட்கக் கேட்க அந்தச் சனியன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது, "டீ குடும்மா" என்று. பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்பாவுக்கு இரண்டாவது தடவை பேச்சு போய்விட்டது தம்பி. முதல் தடவை கத்தி எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை அவர் குரலே எடுத்துக்கொண்டது. நீ அங்கே ஓர் அப்பாவை மேஜையில் வைத்துக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருக்கிறாய். இங்கே இருக்கிறவர் சாகக் கிடந்தார்.

சிடி வராவிட்டால் இனி எனக்குத் தம்பி கிடையாது.

அக்கா

*

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

சிடி இத்துடன் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த அன்றே உட்கார்ந்து முடித்தேன். பழையதன் மேலேயே போடு, அதுவே மாற்றிக்கொள்ளும்.

தானாகச் சொல்லும் பகுதியையே வெட்டிவிட்டேன். இனி அவர் அடித்தால்தான் பேசும். எத்தனை நேரம் யோசித்தாலும் காத்திருக்கும். பேசாமல் இருந்தால் அது அவருடைய மௌனம், அவ்வளவுதான்.

அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது? வரலாம் என்று தோன்றுகிறது. வந்து, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் இதயத்துக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. அவரே கூப்பிட்டால் வேறு.

என் அறையில் புதிதாகப் போன் வைத்திருக்கிறார்கள். எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். உன்னைத் தவிர யாருக்கும் கொடுக்கவில்லை. சிடியில் ஏதாவது சிக்கல் என்றால் வெளியே போய்க் கூப்பிடு.

இங்கிருக்கும் பிரதியை மாற்றவில்லை. திட்டாதே.

தம்பி

*

ஏப்ரல் 21

தம்பிக்கு,

பத்து நாள் ஆகிற தபால் இந்த முறை மூன்றே நாளில் வந்துவிட்டது. தபால்காரருக்கே ஆச்சரியம். சனிக்கிழமையே சிடியைப் போட்டுவிட்டேன்.

என்ன அமைதி! முதல் நாள் அப்பா அதன் முன்னால் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முந்திக்கொள்ளுமா என்று பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, "அது போயிடுச்சா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனிமேல்தான் விஷயம். நேற்று உன் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. படித்து முடித்து, "நம்பர் பெருசா எழுதிக் குடு" என்றார். காலண்டர் தாளின் பின்னால் பெரிதாக எழுதித் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் நீ வேலை முடிந்து வந்ததும் அவரே உனக்குப் போன் செய்யப் போகிறார். அதுவரை நான் உனக்குப் போன் செய்யக் கூடாதாம், அவர்தான் முதலில் பேச வேண்டுமாம். எங்களை வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் மாமாவும் கடைக்குப் போகிறோம். ரிசீவரை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பழகிப் பார்க்கிறார். என்ன பேசப் போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒத்திகை மட்டும் நடக்கிறது.

ஒரு வாக்கியம் அடிக்க அவருக்கு நேரமாகும். நடுவில் ஒன்றும் கேட்காது. வைத்துவிடாதே, காத்திரு. இந்தக் கடிதம் வியாழனுக்குள் உன்னிடம் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சிடி வந்த வேகத்துக்கு வந்துவிடும்.

அக்கா

*

ஏப்ரல் 24, வியாழன்

அக்கா,

கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதைப் படித்ததும் முதல் வேலையாகப் புதுக் கணினியில் போன் ஒயர் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பார். இருந்தால் பிடுங்கு. கடைக்காரர் செருகிக் கொடுத்திருப்பார்.

அது எனக்குப் போன் செய்தது.

சாயங்காலம் அறைக்கு வந்து கதவைத் திறக்கிறேன், மணி அடிக்கிறது. நீதான் என்று எடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் குரல். "சின்னவனா?"

அதே நேரத்தில் என் மேஜைமேல் இருந்ததும் "சின்னவன் வந்துட்டானா?" என்றது. ஒரு காதில் ஒன்று, மறு காதில் ஒன்று. ஒரே குரல்.

"யாரு?" என்றேன். ரொம்ப நேரம் கழித்து, "நான்தான்" என்றது. என்னிடம் இருப்பது இடைவெளியே விடாது. இது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில், மனிதர் யோசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசியது. அதற்குள் அதையும் கற்றுக்கொண்டுவிட்டதா?

"அன்னிக்கு விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றது. "நீ திரும்பிப் பாக்கல." அப்புறம் வெகுநேரம் இரைச்சல் மட்டும். "ஒரு தடவ வந்துட்டுப் போ."

இந்த வாக்கியங்கள் டிஸ்க்கில் கிடையாது அக்கா. எல்லாவற்றையும் நான் படித்திருக்கிறேன். என் எண்ணும் அதில் கிடையாது. உனக்கு எழுதி எட்டு நாள்தான் ஆகிறது, அந்தக் கடிதமும் சிடியும் இன்னும் வழியில்தான் இருக்கும். உனக்கே தெரியாத எண் அதற்கு எப்படித் தெரிந்தது? எனக்கு என்ன கேட்க ஆசையோ அதைத் தேடிப்பிடித்துச் சொல்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் சொல்லிவிட்டேன். "நீ அப்பா இல்ல. எங்கப்பா எங்கிட்ட இப்படியெல்லாம் பேசமாட்டாரு. அவரு எடத்துல உக்காந்துக்கிட்டு என்னைக் கூப்பிடாத" என்று கத்தினேன். ரிசீவரை வைத்துவிட்டு, மேஜையில் இருந்ததையும் அணைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நீ சொன்னது சரிதான், அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தது என் பைத்தியக்காரத்தனம்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. கடைசி முறை வெகுநேரம் அடித்து, நடுவிலேயே நின்றது.

உனக்கு இப்போதே போன் செய்து கேட்கலாம் என்றால், அந்தப் பக்கம் எடுப்பது எதுவென்று தெரியாது. சிடி வந்ததும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் போடு. அதன் பிறகு அப்பா தன் விரலால் ஒரே ஒரு வார்த்தை அடித்துக் கூப்பிடட்டும், அடுத்த வண்டியில் வந்து நிற்கிறேன்.

இன்று நடந்ததை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. பயந்துவிடுவார்.

தம்பி